டெல்லா கேட்டாளா?

லிண்டன் தெரு 414
செப்டம்பர் 14

திருமதி வாக்னர்,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. மன்னிக்கவும் என்றும் எழுத மாட்டேன்.

உங்கள் வீடு எனக்கு நேர் எதிரே. நடந்து வந்து கேட்டிருக்கலாம். வந்தால் கத்துவேன். பிப்ரவரியில் மளிகைக் கடையில் உங்களைப் பார்த்தபோது கத்தினேனே, ஊரே வேடிக்கை பார்த்தது, அது ஒரு தடவை போதும். அதனால் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறேன். தபால்காரர் இதை டெ மாய்ன் நகரம் வரை கொண்டுபோய், திரும்பவும் நம் தெருவுக்கே கொண்டுவரட்டும்.

நேற்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. இந்த வருஷமும் அக்டோபர் முப்பது, மாலை ஆறிலிருந்து எட்டு வரை பிச்சைக்கார இரவு. பிள்ளைகள் வேஷம் போட்டு வர வேண்டும், வாசலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும், மிட்டாய் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கார்ல்சன் வீட்டில் இப்போதே பெரிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நட்டுவிட்டார்கள். சனிக்கிழமை தெருக்காரர்கள் எல்லாம் அவர்கள் கொட்டகையில் கூடி, யார் வீட்டில் சூடான ஆப்பிள் சாறு, யார் வீட்டில் பிள்ளைகள் ஏறிச் சுற்ற வைக்கோல் வண்டி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்ததும் எல்லார் வாயும் மூடிக்கொண்டது. செத்த பிள்ளையின் அம்மா வந்தால் தெருவே வாயைப் பொத்திக்கொள்கிறது.

கால்வினுக்கு ஏழு வயது ஆகிறது. அவனும் அக்கா டெல்லாவைப் போலத்தான், வேர்க்கடலை ஒரு துணுக்கு போனாலும் தொண்டை அடைத்துவிடும். போக வேண்டும் என்கிறான். வகுப்பில் எல்லாரும் போகிறார்கள். அட்டைப் பெட்டியில் குப்பை லாரி வேஷம் செய்ய ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பா ரஸ்ஸல் வேண்டவே வேண்டாம் என்கிறார். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை.

முடிவு பண்ண எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

ஒன்று. போன வருஷம் உங்கள் வாசலில் எதற்காக நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்தீர்கள்? அந்த நிறம் வைத்த வீட்டில் கடலை கிடையாது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பயமில்லாமல் வரலாம் என்று அர்த்தம். அதை வாசலில் வைத்துவிட்டு, கிண்ணத்தில் வேர்க்கடலை வெண்ணெய் சாக்லேட்டைப் போட்டு வைத்திருந்தீர்கள்.

இரண்டு. டெல்லா உங்களிடம் கேட்டாளா? “இதுல வேர்க்கடலை இருக்கா?” என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்கச் சொல்லி அவளுக்கு மூன்று வயதிலிருந்து பழக்கியிருந்தோம். அவளோடு வந்த பிள்ளைகள் அதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். உங்கள் வாசலில் நீங்களும் அவளும் மட்டும்தான்.

ஜோலீன் கிராட்ஸ்


லிண்டன் தெரு 417
செப்டம்பர் 19

அன்புள்ள ஜோலீன்,

நீ எப்படி வேண்டுமானாலும் ஆரம்பி, நான் அன்புள்ள என்றுதான் ஆரம்பிப்பேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே பிரித்துப் படித்தேன். நாலு தடவை பதில் எழுதி நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

பூசணிக்காய் விஷயம் சொல்கிறேன். சர்ச்சில் பெண்கள் எல்லாம் சேர்ந்து பூசணிக்காய்க்குச் சாயம் பூசினோம். மேஜையில் ஏழெட்டு நிறம் இருந்தது. என் வாசல் கதவும் அதே நிறம்தானே, என் புருஷன் சாவதற்கு முந்தின கோடையில் அவர் கையால் அடித்தது, அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்த டப்பாவை எடுத்தேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது ஜோலீன். எனக்கு அறுபத்திமூன்று வயசு. என் பிள்ளைகள் காலத்தில் பூசணிக்காய் என்றால் ஆரஞ்சு நிறம், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது என்றார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டார் எல்லாருக்கும் இது தெரியும் என்று போலீஸ்காரர் சொன்னார். எங்கள் மேஜையில் பிள்ளைகள் உள்ள வீட்டார் யாரும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு, போலீஸ்காரரிடம் சொன்னதுதான் பதில். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேனீ வளர்ப்பவள் மாதிரி வலைத்தொப்பி போட்டிருந்தாள். வந்தாள், சாக்லேட் எடுத்தாள், போனாள்.

இந்த வருஷம் என் வாசலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இருபத்தெட்டாம் தேதியே சீடர் ராப்பிட்ஸில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். விளக்கு எரியாது. விளக்கு எரியாத வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தோட்டத்தில் தக்காளி இந்த வருஷமும் கொட்டிக் கிடக்கிறது. முன்பு உனக்குப் பையில் போட்டு அனுப்புவேன். இப்போது அதையும் அனுப்பத் தைரியம் இல்லை.

ஆர்டிஸ் வாக்னர்


லிண்டன் தெரு 414
செப்டம்பர் 28

திருமதி வாக்னர்,

தக்காளியைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் பதில் கிடைத்தது. நன்றி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அறுத்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு முடிவு கட்டிவிட்டீர்கள், அதற்குத்தான் நன்றி.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். போன வருஷம் அந்த ராத்திரிக்கு நான் எப்படித் திட்டம் போட்டேன் தெரியுமா? செப்டம்பரிலேயே தெருவின் படம் வரைந்தேன். அந்த ராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து அடையாளம் போட்டேன். குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் கேள். வழியில் எதையும் வாயில் போடாதே. வீட்டுக்கு வந்து மேஜையில் கொட்டு. கடலை உள்ளதை அம்மா எடுத்துக்கொள்வாள், அதற்குப் பதிலாக நான் வாங்கி ஒளித்து வைத்திருக்கும் நல்ல மிட்டாய் உனக்கு. ஊசி மருந்தை இடுப்புப் பையிலிருந்து கழற்றாதே. ஒரு ராணுவமே படையெடுக்கப் போகிற மாதிரி இருந்தது எங்கள் சமையலறை. ரஸ்ஸல் சிரித்தார்.

கடைசி நாளன்று அந்தத் தாளின் அடியில் என் கையால் ஒரு வரி எழுதினேன். “நீலப்பச்சைப் பூசணி வீடு: கேட்க வேண்டாம். அங்கேயே சாப்பிடலாம்.”

அவள் ஒவ்வொரு வருஷமும் மற்ற பிள்ளைகள் வழியெல்லாம் தின்றுகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு வீட்டிலாவது அவளும் நின்று சாப்பிடட்டும் என்று நினைத்தேன். தெரு முழுக்க அப்படிப்பட்ட வீடு ஒன்றே ஒன்றுதான், அது உங்களுடையது. படத்தில் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டேன்.

கூட வந்த பிள்ளையின் அம்மா ஊசியைப் போட்டார். சரியாகத்தான் போட்டார். போதவில்லை.

மறுநாளே அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ரஸ்ஸல் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததே இல்லை. உங்கள் கடிதம் வந்த ராத்திரிச் சாப்பாட்டின் போது அவரிடம் சொன்னேன். “அப்ப நீதான் கேக்க வேணாம்னியா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு நாலு சட்டையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எட்டு நாள் ஆகிறது.

கால்வின் எங்கும் போகப்போவதில்லை. லாரி வேஷத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்று நச்சரிக்கிறான். அக்டோபர் ஐந்தாம் தேதி ரஸ்ஸல் வருகிறார், இரண்டு பேரும் சேர்ந்து அவனை உட்கார வைத்து உண்மையைச் சொல்லப்போகிறோம். அக்கா கேட்கவில்லை, ஏனென்றால் அம்மா கேட்க வேண்டாம் என்று சொன்னாள். பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட என் வாயாலேயே தெரியட்டும்.

ஜோ. கி.


லிண்டன் தெரு 417
அக்டோபர் 2

ஜோலீன்,

பிள்ளையிடம் எதையும் சொல்லாதே. தயவு செய்து கொஞ்சம் பொறு. ரஸ்ஸலிடமும் பேசாதே. நான் எழுதுகிறேன். இன்றைக்கு எழுத வரவில்லை.

இதைத் தபாலில் போட்டால் நேரமாகிவிடும், உன் பெட்டியிலேயே போடுகிறேன்.

ஆர்டிஸ்


அக்டோபர் 3

என்ன பொறு? எதற்குப் பொறு? நீங்கள் என் பெட்டியில் கை விட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள்.

ஐந்தாம் தேதி என்று சொன்னதைப் பத்தாம் தேதி ஆக்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். துப்புங்கள்.

ஜோ.


லிண்டன் தெரு 417
அக்டோபர் 9

ஜோலீன்,

அவள் கேட்டாள்.

இதை முதல் வரியில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் தோட்டத்தைப் பற்றி எழுதிவிடுவேன். டெல்லா கேட்டாள். நீ வேண்டாம் என்று எழுதி ஒட்டியும் கேட்டாள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்றைக்கு ஆறு மணியிலிருந்து என் படியில் கூட்டம் குறையவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜோக். “பூசணிக்காய் ஏன் சிரிக்குது?” என்று கேட்கும். நான் “தெரியலையே, நீயே சொல்லு!” என்பேன். “மூளைய வழிச்சு எடுத்துட்டாங்கல்ல, அதான்!” என்னும். நான் சிரிப்பேன், மிட்டாய் போடுவேன். அடுத்த பிள்ளை. “பேய் ஏன் லிஃப்ட்ல ஏறல?” “தெரியலையே, நீயே சொல்லு!” உனக்கே தெரியும், இந்த ஊரில் வாசலில் நிற்கிற எல்லாரும் சொல்வது இதைத்தான். நாற்பது பிள்ளை தாண்டியதும் நான் காது கொடுத்துக் கேட்பதை விட்டுவிட்டேன். கேள்வி வந்தால் என் வாய் தானாகப் பதில் சொல்லும், பிறகு சிரிக்கும். கால் வலி வேறு. எட்டு மணி எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்லா கடைசியாகப் படியேறினாள். மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். வலையை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்து, “மிஸஸ் வாக்னர், இதுல வேர்க்கடலை இருக்கா?” என்று கேட்டாள்.

நான் “தெரியலையே, நீயே சொல்லு!” என்றேன்.

ஜோக் என்று நினைத்துவிட்டேன் ஜோலீன். அடுத்த வரி வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கீழே பூசணிக்காயைப் பார்த்தாள். “இருக்காது. உங்க பூசணிக்காய்தான் சொல்லுதே” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் சொல்கிற ஜோக்கில் பாதி எனக்கு விளங்காது. அதனால் எல்லாருக்கும் சிரிக்கிற மாதிரி சத்தமாகச் சிரித்து, “அட, நல்லா இருக்கே!” என்று சொல்லி, இரண்டாக எடுத்துக்கொள் என்றேன். அவளும் சிரித்தாள். நான் சிரித்ததால் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அங்கேயே நின்று ஒன்றைப் பிரித்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை போலீஸ்காரர் என் சமையலறையில் உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு வேர்க்கடலை இருக்கான்னு ஏதாவது கேட்டுச்சாம்மா?” என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது ஜோக் இல்லை என்று எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. உறைத்த அதே மூச்சில் “இல்லைங்க, ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னது இல்லை. சொன்ன பிறகு யோசிக்க ஒரு வருஷம் இருந்தது, அப்போதும் மாற்றிச் சொல்லவில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில் நிதானமாகப் பேனா பிடித்து அதே பொய்யைத் திரும்ப எழுதினேன். முதல் பொய்யைக்கூட பயம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் ஒரு பேரும் இல்லை.

உன் வீட்டில் அந்தத் தாள் இருந்தது எனக்குத் தெரியாது. என் பொய் என்னை மட்டும் காப்பாற்றுகிறது, யாரையும் புதிதாகக் கொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் புருஷன் சட்டையை எடுத்துக்கொண்டு போனார் என்று படித்தபோதுதான் அதுவும் இல்லை என்று தெரிந்தது.

அவள் சரியாகத்தான் கேட்டாள். கேட்டவளுக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆர்டிஸ்


லிண்டன் தெரு 414
அக்டோபர் 25

திருமதி வாக்னர்,

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். அதற்கு முன்பு எழுதியிருந்தால் கடிதமாக இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தைக் கார் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு ரஸ்ஸலைத் தம்பி வீட்டிலிருந்து கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “அவ கேட்டிருக்கா, ஜோ. கேட்டிருக்கா பாரு” என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளைப் புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை. அன்றைக்கு அழுதார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று டெல்லாவை நான் திட்டாத நாள் இல்லை. மழைக்கோட்டு போடு என்றால் போட மாட்டாள். படு என்றால் படுக்க மாட்டாள். கேட்க வேண்டாம் என்று நான் எழுதியதையும் கேட்கவில்லை பாருங்கள். என்னைவிடப் புத்தி அவளுக்கு இருந்திருக்கிறது. நீங்கள் அவள் கேள்வியை அவளிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். நான் கற்றுக்கொடுத்ததை வைத்து அவள் அதற்குப் பதில் சொன்னாள். இப்படித்தான் எனக்குப் புரிகிறது. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இனிமேல் நான் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம்.

மன்னிப்பு என்று ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வந்தால் வரும். இப்போது வரவில்லை. ஒரு வருஷம் எனக்கு எதிரே குடியிருந்து, நான் கருகுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். அதை நினைத்தால் இந்தப் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். போலீஸிடம் போய் மாற்றிச் சொல்லுங்கள். நான் போக மாட்டேன், ரஸ்ஸலும் போக மாட்டார், அது உங்கள் வேலை. அடுத்தது, தங்கை வீட்டுக்குப் போகாதீர்கள். முப்பதாம் தேதி வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்.

அக்கா கேட்டாள் என்று கால்வினிடம் சொல்லிவிட்டோம். அவன் வருகிறான். நானும் ரஸ்ஸலும் மூன்று ராத்திரி சண்டை போட்டு எடுத்த முடிவு. அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்து நாங்கள் எத்தனை வருஷம் காவல் இருக்க முடியும்? வாசலில் நிற்கிறவர்களிடம் பேசப் பழக வேண்டும், சின்னப் பிள்ளைதான், ஆனாலும் வேறு வழி இல்லை. குளிர்பெட்டியில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

அவன் உங்களிடமும் கேட்பான். பதில் சொல்லுங்கள்.

ஜோலீன்


லிண்டன் தெரு 417
அக்டோபர் 31

அன்புள்ள ஜோலீன்,

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

நேற்று ஆறு மணிக்கு விளக்கைப் போட்டேன். கிண்ணத்தில் பென்சிலும் அழிரப்பரும் ஒட்டுப்படமும் மட்டும்தான் வைத்திருந்தேன். தின்கிற பொருள் எதையும் வாங்கவே இல்லை. ஒவ்வொரு பிள்ளை சொன்னதையும் கடைசி வரை கேட்டேன். வரிசை நீண்டுபோய், பின்னால் நின்ற பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஏழே காலுக்கு உன் பிள்ளை வந்தான். அவன் சொன்னதை உனக்கு அப்படியே சொல்ல வேண்டும், நீ கேட்பாய் என்று தெரியும். ரஸ்ஸல் நடைபாதை ஓரத்தில் நின்றார், படியேறவில்லை. அட்டை லாரி படியில் இடித்தது, அதைச் சரிசெய்துகொண்டு கால்வின் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“இது ஜோக் இல்ல” என்றான். “நான் நெசமாவே கேக்குறேன். இதுல வேர்க்கடலை இருக்கா?”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். “இல்லப்பா. இதுல இல்ல. இந்த வீட்லயே இல்ல. தின்கிறது எதுவுமே இதுல இல்ல, பென்சில் மட்டும்தான்” என்றேன்.

“நிச்சயமாத் தெரியுமா?”

“நிச்சயமாத் தெரியும். ஒவ்வொண்ணா நானே பாத்து வச்சேன்.”

தலையை ஆட்டினான். நடைபாதையில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். நான் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அவன் கையை லாரிக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

“எடுத்துக்கோப்பா” என்றேன்.

“இங்க கேக்க மட்டும்தான் அம்மா சொன்னாங்க” என்றான். “எடுக்கச் சொல்லல.”

பிறகு படியிறங்கிப் போய்விட்டான். ஜோக் அவன் சொல்லவில்லை. சொல்லு என்று நானும் கேட்கவில்லை.

ஆர்டிஸ்